கேள்வி-பதில்: சுழலும் பொத்தான்கள், மங்கிய ஏமாற்றம்

கே: பொத்தான்களை வட்டமாக ஒட்டிய சுழல்தட்டுப் பொம்மை ஒன்றின் விளம்பர வீடியோவில், தட்டு சுழன்றதும் பொத்தான்கள் தவளை மாதிரித் தாவின. வாங்கி வந்து சுற்றினால் வெறும் மங்கலான வளையம்தான் தெரிகிறது. கேட்டால் "மொபைலில் பாருங்கள்" என்கிறார்கள்.

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தவறு உங்களுடையது இல்லை. சுழலும் உருவம் அசைவதாகத் தெரிய, ஒவ்வொரு உருவத்துக்கும் நடுவே பார்வை அறுபட வேண்டும். பழைய ஜோட்ரோப் உருளையில் (உள்ளே படவரிசை ஒட்டிச் சுழற்றிப் பார்க்கும் பொம்மை) அதைச் செய்தது பக்கச் சுவரில் உள்ள பிளவு. இப்போது ஸ்ட்ரோப் விளக்கோ (விட்டுவிட்டு வேகமாக மின்னும் விளக்கு) கேமரா ஷட்டரோ செய்கிறது. இவை எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் பார்த்தால் மங்கல்தான். விளம்பர வீடியோவைச் சேமித்துவையுங்கள், பெட்டியை எல்லாப் பக்கமும் படமெடுங்கள். 'கேமரா தேவை' என்று எங்கும் போடவில்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். விடாதீர்கள்.

கே: பழைய ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. தட்டைச் சுழற்றத் தனியாக மோட்டார் வாங்க வேண்டுமா?

ப: வேண்டாம். 45 வேகத்தில் (நிமிடத்துக்கு 45 சுற்று), கேமராவில் விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம், வைத்து எடுத்தால் ஒரு சுற்றுக்கு 32 உருவம் ஒட்ட வேண்டும். 30 ஃப்ரேம் என்றால் 40. 33⅓ வேகத்தில் 25 ஃப்ரேமுக்கு 45. எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வரிசை மொத்தமும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஷட்டர் 1/1000 விநாடி அல்லது அதற்கும் வேகமாக இருக்கட்டும். படம் இருண்டால் வெயிலில் வைத்து எடுங்கள், சில எல்.இ.டி. விளக்குகளில் பட்டை விழும். ஊசிக் கையைக் கட்டிவிடுங்கள். கனமான பொருளை ஏற்றாதீர்கள், வேகம் குறையும்.

கே: கையால் சுற்றும் கேக் ஸ்டாண்டும் ஸ்ட்ரோப் விளக்கும் வாங்கினேன். உருவங்கள் ஒரு நேரம் முன்னே, ஒரு நேரம் பின்னே ஓடுகின்றன.

ப: ஓடத்தான் செய்யும். கைச்சுற்றில் வேகம் நிலைக்காது, விளக்கோ ஒரே கதியில் மின்னும். வாங்குவதற்கு முன் யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது.

கே: ஸ்ட்ரோப் விளக்கில் எதைப் பார்த்து வாங்குவது?

ப: இரண்டே எண்கள்: விநாடிக்கு எத்தனை மின்னல், ஒரு மின்னல் எவ்வளவு நேரம். இந்த இரண்டையும் அச்சிடாமல் விற்பதுதான் எனக்குத் தீராத ஆத்திரம். நான் வாங்கிய விளக்கு ஒன்றில் வேகத்தைத் திருகும் குமிழில் 1 முதல் 10 வரை கோடுகள் மட்டும். எந்தக் கோடு எத்தனை ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை மின்னல்) என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. 45 வேகத் தட்டில் 12 பாட்டில் மூடி வைத்தால் விநாடிக்குச் சரியாக 9 மின்னல் வேண்டும். அதைக் கோடு பார்த்துப் பிடிப்பது எப்படி? மின்னலின் நீளம் அதைவிட முக்கியம். 30 செ.மீ. தட்டின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 70 செ.மீ. ஓடுகிறது. விளக்கு 1/100 விநாடி எரிந்தால் உருவம் 7 மி.மீ. இழுபடும், தீக்குச்சித் தலை வெறும் கோடாகிவிடும். 1/1000 என்றால் 0.7 மி.மீ.தான். எண் சொல்லாத விளக்கை வாங்காதீர்கள்.

கே: உருவங்களையும் கடையில் வாங்கலாமா?

ப: காசு தண்டம். பொத்தான், தீக்குச்சி, இருபக்க டேப் போதும்.

கே: பிள்ளைகளின் விருந்தில் ஸ்ட்ரோப் வைத்துக் காட்டலாமா?

ப: கூடாது. விநாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது. ஜோட்ரோப் மாதிரிப் பிளவு உருளை செய்யுங்கள்: 12 உருவம், 12 பிளவு, ஒவ்வொரு பிளவும் 3 மி.மீ. அகலம், வெளிப்பக்கம் கறுப்பு. கேக் ஸ்டாண்ட் வாங்கியவரும் அதன்மேல் இந்த உருளையை ஒட்டலாம். பிளவும் உருவமும் சேர்ந்தே சுழல்வதால் கைச்சுற்றே போதும்.