சாஃப்ட் ஜா தெரிந்த பையனுக்கு வேலை உண்டு

அண்ணே, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் 22 வருடமாக லேத் ஓட்டுகிறீர்கள். "எல்லாம் தானா ஓடுற மிஷினு வந்துடுச்சு, என் பையனை இதுல தள்ள மாட்டேன்" என்கிறீர்கள். பத்தாவது முடித்த பையனோ ஐடிஐதான் என்று நிற்கிறான். நான் பையன் கட்சி.

உங்கள் பட்டறைக்கு உடைந்த ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், "இதே மாதிரி ரெண்டு போட்டுக் கொடுங்க" என்று. வெர்னியரில் அளந்து, துண்டுச் சீட்டில் படம் போட்டு, கடைந்து கொடுப்பீர்கள். இப்போது அந்தப் படம் கம்ப்யூட்டர் ஃபைலாக வருகிறது. டூல் போகும் பாதையை சாஃப்ட்வேரில் போட்டால், புரோகிராம் நெட்வொர்க் வழியாகவே, கம்ப்யூட்டர் சொல்படி தானே கடையும் சிஎன்சி மிஷினுக்குப் போய்விடும். டூல் முனையில் வெட்டுகிற இன்சர்ட் மழுங்கினால் நீங்கள் சத்தத்திலேயே கண்டுபிடிப்பீர்கள். அங்கே சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் லோடு ஏறுவது திரையில் தெரியும், முதலாளி போனுக்கும் போகும். ஜெர்மனிக்காரர்கள் 2011-இல் ஹானோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்று சொல்ல ஆரம்பித்தது இதைத்தான். ஒரு ஜாபிலிருந்து, அதாவது கடையும் பொருளிலிருந்து, இன்னொன்றுக்கு மாறும் நேரம் குறைவதால், ஆயிரம் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்றில்லாமல் ஐந்துக்கும் பத்துக்கும்கூட ஆர்டர் எடுக்க முடிகிறது.

இதில் யாருக்கு வேலை போகும்? ஒரே ஜாபை மாட்டிக் கழற்றிப் பட்டன் அமுக்குகிறவருக்கு. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஜாப் அடிக்கடி மாறினால் செட்டிங்கும் அடிக்கடி மாறும். மெல்லிய குழாயை லேத்தின் பிடியான சக்கில் இறுக்கிக் கடைந்து கழற்றினால் வட்டம் முட்டையாகிவிடுகிறதே, அதற்குக் குழாயின் வளைவுக்கேற்பக் கடைந்த மென்மையான பிடியான சாஃப்ட் ஜா போட வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். ஃபைலில் அது எழுதியிருக்காது. 25 மி.மீ. வர வேண்டிய விட்டம் 25.03 வந்தால், டூல் தேய்ந்ததா, ஜாப் சூடாக இருக்கும்போதே அளந்துவிட்டோமா என்று யோசித்த பிறகு, மிஷினில் டூல் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் கை வைக்கிற ஆள் வேண்டும். பையன் அந்த ஆளாகட்டும்.

சரி, எங்கே சேர்ப்பது? தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைத் 'தொழில் 4.0' மையங்களாக மாற்றும் வேலையில் இறங்கி, 2023-இல் முதல் மையங்களைத் திறந்தது. ரோபோ என்ற பெயரைப் பார்த்துப் பையன் ஓராண்டுப் படிப்புக்கு ஆசைப்படுவான். விடாதீர்கள். இரண்டாண்டு சிஎன்சி மெஷினிங், கிடைக்காவிட்டால் மெஷினிஸ்ட் அல்லது டர்னர். இரண்டாண்டு முடித்தவன் பின்னால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பத்து நாளில் ஸ்மார்ட் ஃபேக்டரி சான்றிதழ் என்று நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடுங்கள். நகையை அடகு வைத்து அப்படிப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்த அம்மாவைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அப்புறம் அப்ரண்டிஸ். எண்ணூர், அம்பத்தூர் என்று பக்கத்திலேயே தேடலாம். ஆரம்பத்தில் கைக்கு வருவது குறைவுதான், நைட் ஷிஃப்டும் இருக்கும்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பட்டறைக்குக் கூட்டிப் போய் ஷாஃப்ட் நுழையும் குழலான புஷ் ஒன்றைக் கடையச் சொல்லுங்கள். அளவு தப்பினால் திட்டாதீர்கள். எங்கே தப்பியது என்று அவனாகத் தேடுகிறானா, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறானா என்று மட்டும் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள்.