பாலிஷர் வைத்து கார் பெயிண்டில் இருக்கும் வட்டக் கீறல்களை நாமே எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். உங்களுடையது கறுப்பு கார், வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி தெரிகிறது, எந்த பாலிஷர், அதில் மாட்ட எந்த பேட் (பெயிண்டைத் தேய்க்கும் மெத்தை) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷினுக்கு அப்புறம் வருவோம், முதலில் கீறல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பார்க்க வட்டமாகத் தெரிந்தாலும் அவற்றில் பல வட்டமே கிடையாது. அழுக்குத் துணியும் ஸ்பாஞ்சும் போட்ட மெல்லிய கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடும். அதில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனையோ விளக்கையோ சுற்றி வட்டம் போட்டதுபோல் தெரிகிறது. இவை மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்த்தே கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். பாலிஷர் கீறலை அடைப்பதில்லை, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறது, அப்படிப் போன மைக்ரான் திரும்ப வராது. அதனால்தான் நூறு சதவீதம் கீறல் போக வேண்டும் என்று நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். தினமும் ஓடும் காருக்கு எண்பது சதவீதம் போனாலே ஆளே மாறிப்போகும். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், சிக்கினால் அந்தக் கீறல் ஆழமானது. அதை முழுசாக எடுக்கப் பார்க்காதீர்கள், விளிம்பு மழுங்கினாலே பாதி கண்ணில் படாது.

மெஷின் என்றால் முதல் முறை செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன்தான், வேறு பேச்சே இல்லை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவதால் வேகமாக வெட்டும், அதே வேகத்தில் சூடும் ஏறும், கை பழகாதவர் பிடித்தால் வெயிலில் ஆடும் புகைபோன்ற தடங்களை விட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அழுத்தம் அதிகமானால் சுற்றுவதை நிறுத்திவிடும். பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் சரி, ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் கையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது பேட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பாலிஷ் தொடும் முன் கழுவுவது, களிமண் பார் (பெயிண்டில் ஒட்டிக்கொண்ட துகள்களைப் பிடித்து எடுக்கும் களிமண் கட்டி) போடுவது இரண்டையும் தவிர்க்கவே முடியாது. கழுவிய பிறகு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அது பேட்டுக்கு அடியில் மாட்டினால் புதுக் கீறல்தான். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பேனல் விளிம்புகள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே இரண்டு முறை கூடுதலாகப் போனால் கிளியர் கோட் போய் அடியில் உள்ள நிற அடுக்கே வெளியே வந்துவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது, அங்கே மெஷின் ஸ்பீடைக் குறைத்து, ஒரே இடத்தில் நிற்காமல் சீக்கிரம் நகருங்கள்.

இனி முக்கியமான இடம். நிழலில், பேனல் சூடு ஆறிய பிறகு, பானெட்டில் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் எடுத்துக்கொண்டு, கீறலை எடுக்கக் கூடியவற்றில் மென்மையான கூட்டணியை, அதாவது மீடியம் ஃபோம் பேடும் சாதாரண பாலிஷும், முதலில் போட்டுப் பாருங்கள். பேடில் பட்டாணி அளவு நாலு துளி, மெஷினை ஆன் பண்ணாமலே இடம் முழுக்கத் தடவிவிட்டு (ஆன் பண்ணித் தடவினால் சுவரெல்லாம் பாலிஷ்), ஆறு வரை இருக்கும் ஸ்பீடில் நாலு அல்லது ஐந்து வைத்து, விநாடிக்கு ஓர் அங்குலம் போல மெதுவாக, ஒரு வரிசை முந்தைய வரிசையில் பாதியை மூடுகிற மாதிரி, நெடுக்கே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் என நாலு முறை போனால் போதும். பெரும்பாலும் எல்லோரும் மெஷினை அவசரமாக இழுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். துடைத்ததும் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்டும் (பாலிஷைவிட அதிகமாக வெட்டும் பசை) மைக்ரோஃபைபர் பேடும். அது மேலே லேசான மங்கலை விடும், கறுப்பில் நன்றாகவே தெரியும், பின்னால் மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் போட்டால் போய்விடும். அந்த மூலையில் எது சரியாக வந்ததோ அதையே கார் முழுக்கப் போடுங்கள்.

ஒரு பேடை வைத்துக்கொண்டு முழு காரையும் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வெட்டி எடுத்த பெயிண்ட் அதிலேயே அடைந்துவிடும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷால் தேய்த்துவிட்டு, இரண்டு மூன்று பேனலுக்கு ஒரு தரம் வேறு பேட் மாற்றுங்கள். கைப்பிடிக் குழிக்குள் பெரிய பேட் போகாது, அங்கே கையால்தான்.

முடித்ததும் பெயிண்டுக்குப் பாதுகாப்பாக மேலே பூசும் சீலண்டோ வாக்ஸோ போட்டுவிடுங்கள், செராமிக் கோட்டிங் என்றால் போடும் முன் மறுபடியும் ஆல்கஹால் துடைப்பு வேண்டும். அப்புறம் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சில வாரத்திலேயே மறுபடியும் மெஷினை எடுக்க வேண்டியிருக்கும்.