கால்சியம் ‘ஹை’ என்று வந்தால்: கால்நடை கேள்வி பதில்

கேள்வி: டாக்டர் ஐயா, என்னிடம் ஆறு வயது நாட்டுக் குதிரை இருக்கிறது. வருஷத்துக்கு நாலைந்து ரேக்ளா பந்தயம் ஓடும். இரண்டு மாதமாக ஒரு வாரம் முன்னங்கால், மறு வாரம் பின்னங்கால் என்று மாற்றி மாற்றி நொண்டுகிறது. குளம்பில் முள், ஆணி எதுவும் இல்லை. லேபில் ரத்தம் கொடுத்தேன். கால்சியம் 12.1, ‘ஹை’ என்று வந்ததால் தீவனத்தில் போடும் சுண்ணாம்புக்கல் தூளை நிறுத்திவிட்டேன். தினமும் மூன்று கிலோ தவிடு, இரண்டு கிலோ கொள்ளு, அறுத்து வரும் கொழுக்கட்டைப் புல் கொடுக்கிறேன். எலும்பின் நிலையை ரத்தத்திலேயே பார்க்கும் சோதனை உண்டாமே?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: முதல் வேலையாக அந்தத் தூளைத் திரும்பப் போடுங்கள். லேபில் ஒப்பிட்டது மனுஷக் கணக்கோடு. நமக்கு 8.5 முதல் 10.5 வரை, குதிரைக்கு 11 முதல் 13 வரை இருப்பதே இயல்பு.

சரி, இயல்புதானே என்று நிம்மதியாகிவிடவும் முடியாது. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமும் தசையும் தாங்காது. அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தை நிரப்பிவிடும். கூரை ஓலையை உருவி உலை வைக்கிற கதைதான். சோறு வேளைக்கு வெந்துவிடும், கூரை மெலிந்துகொண்டே போகும்.

நீங்கள் கேட்ட சோதனை உண்டு. ஆஸ்டியோகால்சின், எலும்பைக் கட்டும் செல்கள் விடுகிற புரதம். எலும்பு கரையும்போது அதன் நார்ப்புரதமான கொலாஜனிலிருந்து அறுந்து வரும் துணுக்கு சி.டி.எக்ஸ். முன்னது கட்டுமானத்தைச் சொல்லும், பின்னது இடிப்பைச் சொல்லும். எந்தக் காலில் கோளாறு என்று இரண்டுமே சொல்லாது. ஆஸ்டியோகால்சின் ஒரே குதிரையில் பகலில் ஒரு அளவும் ராத்திரியில் வேறு அளவும் காட்டும். வெயிலில் வைத்தால் சிதைந்தும் போகும். மண்டபத்தில் ஒரு தடவை நட்டநடு மதியம் ரத்தம் எடுத்து, மதுரைக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்து, வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், பன்னீர் சோடா நிறத்துக்கு வந்துவிட்டது. கீழே ஊற்றினோம். என் அவசரம்தான் காரணம்.

உங்கள் குதிரைக்கு அந்தச் செலவு வேண்டாம். எனக்குச் சந்தேகம் தவிட்டின் மேல்தான். குதிரைத் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். தவிட்டில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் எட்டு, பத்துப் பங்கு. சீமையில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்குத் தவிட்டால் இப்படி எலும்பு மெலியும் நோய் வந்து, அதற்கு மில்காரர் நோய் என்றே பெயர் வைத்தார்கள். போதாததற்குக் கொழுக்கட்டைப் புல். ஆடு மாட்டுக்கு அருமையான புல்தான். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பை அவற்றின் இரைப்பையே உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. கால்சியம் ஆக்சலேட்டோடு ஒட்டிக்கொண்டு சாணத்தில் போய்விடும்.

இன்றைக்கே கீழ்த்தாடையின் அடி விளிம்பை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். மெலிதாக, கத்தி முதுகு போல இருக்க வேண்டும். மழுங்கி, உருண்டு, விரலுக்குத் தடிமனாகப் பட்டால் எலும்பு கரைந்த இடத்தில் நார் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயை மட்டும் நம்ப வேண்டாம். தாதுவில் சுமார் 30 சதவீதம் போன பிறகுதான் அதில் தெரியும்.

அப்புறம் மூத்திரம். நல்ல குதிரையின் மூத்திரம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்கும். மிஞ்சின கால்சியத்தைக் குதிரை அப்படித்தான் வெளியே தள்ளும். உங்கள் டாக்டரிடம் சொல்லி ஒரே நேரத்தில் ரத்தமும் மூத்திரமும் எடுத்து, இரண்டிலும் கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண லேபே போதும். மூத்திரத்தில் கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் ஏறியிருந்தால் சந்தேகம் உறுதி.

தவிட்டை ஒரு வாரத்துக்குள் படிப்படியாக நிறுத்திவிட்டுக் குதிரைமசால் கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் மாட்டுக்குப் போடுகிறோம். எலும்பு தேற மாதக்கணக்காகும். இந்த வருஷப் பந்தயத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: என் ஒன்றரை வயதுக் குட்டிக்கும் ஆஸ்டியோகால்சின் பார்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். வளரும் குட்டிக்கு அது பெரிய குதிரையைவிட எப்போதும் மிகக் கூடுதலாகவே இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து இன்னொரு தடவை எதையாவது நிறுத்திவிடுவீர்கள். லாயத்திலேயே கட்டிப் போடாமல் தினமும் ஓடவிடுங்கள். குட்டிக்கும் தவிடு போடுகிறீர்களா என்று எழுதவில்லையே?