பியூரெட் அளவு சமம். பிறகு எது வலிமையான அமிலம்?

கேள்வி: ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டிக் அமிலம் இரண்டிலும் 0.1 மோலார் செறிவுள்ள கரைசல் 20 மில்லி எடுத்தேன். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டுக்குமே 20 மில்லிதான் செலவானது. அப்படியானால் அசிட்டிக் அமிலத்தை வலிமை குறைந்தது என்பது ஏன்?

பதில்: உங்கள் அளவீடு சரி. ஆனால் டைட்ரேஷன் (பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தைச் சமன்செய்யும் முறை) காட்டுவது அமிலத்தின் மொத்த அளவைத்தான். நீரில் அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் 1.3 சதவீதம்தான் பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தந்திருக்கும். காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) விழ விழ ஹைட்ரஜன் அயனி தீர்ந்துபோகும்; மீதி மூலக்கூறுகளும் வரிசையாகப் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். கடைசியில் கணக்கு சமமாகிவிடும்.

வலிமையை, அதாவது அமிலம் எவ்வளவு பிரிகிறது என்பதை அறிய, காரம் சேர்க்கும் முன்பே பி.எச். (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் எண்) பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் 1, அசிட்டிக் 2.9 காட்டும். செறிவு சமமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக்கின் பி.எச். 3, அதை 0.1 மோலார் அசிட்டிக்கோடு ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும்!

இன்னும் நல்ல வழி, பி.எச். மீட்டரை பி.எச். 4, 7 உள்ள பஃபர்களில் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்கள்) சரிசெய்துகொண்டு, அசிட்டிக் அமிலத்தில் சரியாக 10 மில்லி காரம் சேர்த்ததும் அளப்பது. பாதி அமிலம் உப்பாக மாறியிருக்கும் அந்த நிலையில் மீட்டர் காட்டும் 4.76தான் அதன் பி.கே.ஏ. மதிப்பு. இந்த எண் குறையக் குறைய வலிமை கூடும்: ஃபார்மிக் 3.75, குளோரோஅசிட்டிக் 2.86. எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் ஒரே ஒரு குளோரின் அணு வலிமையை ஏறக்குறைய 80 மடங்காக்கிவிடுகிறது.

டைட்ரேஷன் முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால் சுமார் 6 மில்லியிலேயே மஞ்சளாகி ஏமாற்றும். முடிவுநிலை பி.எச். 8.7 அருகில் வருவதால் பினாப்தலீன்தான் பொருத்தம். வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் போதும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அதைப் பிறகு வெளுக்கச் செய்யும், அதற்காக இன்னொரு சொட்டு விடாதீர்கள்.

ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் ஆகியவற்றை நீரில் இப்படி வரிசைப்படுத்த முடியாது. மூன்றும் ஏறத்தாழ முழுதாகப் பிரிந்துவிடும். தூய அசிட்டிக் அமிலத்தையே கரைப்பானாக வைத்தால் பெர்குளோரிக் முந்துவது தெரியும்.

ஹைட்ரோஃபுளோரிக்கின் பி.கே.ஏ. 3.2, வலிமை குறைந்ததுதான். ஆனாலும் தோல்வழி உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பள்ளி ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம்.