'அது ஒன்றும் செய்யாது' என்று காட்டுமாட்டின் பக்கத்தில் போகலாமா?

கேள்வி: கோவையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம். காலையில் காட்டுமாடு கன்றோடு வந்து நிற்கிறது, குரங்குகள் குட்டியைச் சுமந்துகொண்டு ஜன்னல் வரை வருகின்றன, எதிர் மரத்தில் மலையணில். 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். பிஸ்கட் கொடுக்கவும் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கவும் ஒரே அடம். அக்கம்பக்கத்தில் கேட்டால் 'அது பாட்டுக்குப் போயிடும், ஒன்றும் செய்யாது' என்கிறார்கள். உண்மையிலேயே ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. அதற்காக அக்கம்பக்கத்தார் சொல்வது பொய் என்று நினைக்காதீர்கள். அவர்கள் நடந்துகொள்வதைக் கொஞ்சம் கவனியுங்கள்: பாதையில் மாடு நின்றால் அங்கேயே நின்றுவிடுவார்கள், அது கடக்கும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள், கடக்கவில்லை என்றால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவார்கள். அது பாட்டுக்குப் போக அவர்கள் வழிவிடுகிறார்கள், அதனால்தான் போகிறது. புதிதாக வந்தவர்கள் காதில் விழுவது 'ஒன்றும் செய்யாது' மட்டும்தான், அந்த விலகல் கண்ணில் படுவதில்லை.

காட்டுமாட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை முதல் கவலை அதுதான். வளர்ந்த ஆண் ஒரு டன் எடையைத் தொடும், தோள் உயரமே ஏறக்குறைய ஆறடி. புல் மேய்கிற பிராணி, சாதுவான முகம், வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால், எல்லாம் சரி. ஆனால் அது பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறதே, அதைத்தான் சுற்றுலா வருபவர்கள் 'போஸ் கொடுக்கிறது' என்று நினைத்து இன்னும் இரண்டடி முன்னால் போகிறார்கள். உண்மையில் அது மிரட்டல். 'நான் எவ்வளவு பெரியவன் பார், விலகு' என்கிறது. அதற்கும் நாம் விலகாவிட்டால் மூச்சைச் சீறி விடும், தலையைத் தாழ்த்தும், அப்புறம் யோசிக்க நேரம் இருக்காது. கன்றோடு இருக்கும் தாயும், மந்தையை விட்டுத் தனியாகத் திரியும் ஆணும் இந்த முன்னறிவிப்பைக்கூடச் சில சமயம் கொடுப்பதில்லை.

எவ்வளவு தூரம் பத்திரம் என்று கேட்பீர்கள். மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அப்படியே பின்வாங்குங்கள். முப்பது மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது, மூடுபனி நாளில் இன்னும் அதிகம். தேயிலை வரிசைக்குள் ஓடித் தப்பிக்க முடியாது. நாம் செடியில் சிக்கிக்கொள்வோம், அது செடியை மிதித்துக்கொண்டு வரும். சுவர், கார், பருத்த மரம், எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் பின்னால் போய்விடுங்கள். காலை நடைக்கு நாயைக் கூட்டிப் போகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், நாய் குரைத்துச் சீண்டிவிட்டுப் பயந்து நேராக உங்களிடம்தான் ஓடி வரும், துரத்துகிற மாடோ கரடியோ அதன் பின்னாலேயே வரும்.

குரங்கு விஷயம் வேறு. காட்டுமாட்டுக்கு நம்மிடம் வேண்டியது எதுவும் இல்லை, குரங்குக்கு இருக்கிறது. ஜன்னலுக்கு வருவது நாட்டுக் குரங்குதான். சோலைகளில் இருக்கும் கருமந்தி பெரும்பாலும் நம்மைக் கண்டாலே மேலே ஏறிவிடும். ஒருநாள் பிஸ்கட் கொடுத்தால், கொடுக்காத நாளில் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும். பிள்ளை விடமாட்டேன் என்று இழுத்தால் கடிக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரங்கு வாயைத் திறந்து முறைத்துப் பார்த்தால் அது மிரட்டல், உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் பயந்திருக்கிறது. பிள்ளைகளோ அதைச் சிரிப்பு என்று எண்ணித் தாங்களும் பல்லைக் காட்டிக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பார்கள். குரங்கின் கணக்கில் அப்படி நேராக முறைப்பது சண்டைக்கான அழைப்பு. குட்டியைத் தொடக் கை நீட்டினால் தாய் மட்டும் இல்லை, கூட்டமே பாயும். நீங்கள் செய்ய வேண்டியது: ஜன்னலுக்கு வலை, வெளியே சாப்பாடு இல்லை, கையில் தின்பண்டத்தோடு முற்றத்துக்குப் போகக் கூடாது. பிடுங்க வந்தால் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மலையணில் தானாக வந்து யாரையும் தாக்காது. ஆனால் கொட்டையை உடைக்கிற பல் அது, பிடித்தால் விரலில் ஆழமாக இறங்கும். ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் அதை மணிக்கணக்கில் பார்ப்பார்கள்.

தனியாகக் கிடக்கும் குட்டி. இது எனக்கு மிகவும் மனவேதனை தருகிற விஷயம். தேயிலைச் செடிக்கடியில் சிறுத்தைக் குட்டியோ, புதரோரம் மான் குட்டியோ கிடந்தால் 'ஐயோ பாவம், தாய் விட்டுப் போய்விட்டது' என்று தூக்கி வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் தாய் விட்டுப் போகவில்லை. சிறுத்தை குட்டியை மறைத்து வைத்துவிட்டு இரை தேடப் போயிருக்கும், மான் குட்டியை அசையாமல் படுக்கவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். தூக்கியவருக்கும் ஆபத்து, குட்டிக்கும் தாய் இல்லாமல் போய்விடும். தொடாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கோத்தகிரியில் இருந்துகொண்டு கரடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தாய்க்கரடி முதுகில் குட்டி சவாரி செய்யும் காட்சிக்கு மயங்காதவர் இல்லை. அதற்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. திடீரென்று எதிரே ஆளைக் கண்டால் ஓடுவதைவிடப் பாய்வதுதான் அதிகம், அதுவும் முகத்தைக் குறிவைக்கும். கோயில் விளக்கு எண்ணெய், பழுத்த பலா, குப்பையில் கிடக்கும் மிச்சச் சோறு, இவற்றுக்காகத்தான் இரவில் ஊருக்குள் வருகிறது. குப்பையை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். இருட்டியபின் உண்ணிச்செடிப் புதர் ஓரமாகப் போக வேண்டியிருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் கடியோ கீறலோ பட்டுவிட்டால், முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் நாய்க்கடியில் மட்டும் வருவதில்லை, பாலூட்டிகள் எதற்கும் வரலாம், அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்குத் தென்னிந்தியாவிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றுதான். காட்டு விலங்கு கடித்தால் அதை மிகக் கடுமையான வகையாகவே டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள்; தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கிற தயார் எதிர்ப்புப் புரதம்) போட வேண்டியிருக்கும், டெட்டனஸ் ஊசியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் தடுப்பூசியைத் தோலில் போடும் முறையில் அன்றைக்கு ஒரு தவணை, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். காயம் ஆறிவிட்டதே என்று பலரும் தவறவிடுவது அந்தக் கடைசி ஊசியைத்தான், அதைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.