கரையில் நின்று பிடிக்கும் பொடிமீன்: சில கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பொடிமீன் பற்றியவை. வஞ்சிரத்துக்கும் கொடுவாவுக்கும் எந்தத் தூண்டில் நல்லது என்று கேட்டவர்கள், இப்போது அவற்றுக்கான இரையை எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். எனக்குப் பழக்கம் கடலூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட கரை. தெற்கே போனால் மீன்களின் பெயர் மாறும், நாங்கள் கவலை என்பதை அங்கே சாளை என்பார்கள்.

வீச்சு வலை புதிதாக வாங்கினேன். வீடியோ பார்த்துத்தான் பழகுகிறேன். எத்தனை தடவை வீசினாலும் விரியாமல் கயிறு மாதிரி நீளமாக விழுகிறது. குறை வலையிலா, என்னிடமா? (கடலூர்)

வலை எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் உயரத்தைவிடப் பெரிய வலையை வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழகுகிறவருக்கு 5 அல்லது 6 அடி போதும். பெரிய வலை அதிக மீன் பிடிக்கும் என்பது வீசத் தெரிந்தவருக்கு மட்டும்தான்.

கடலுக்குப் போகாமல் ஒரு வாரம் தரையில் வீசுங்கள். வலையை நனைத்துக்கொண்டு புல்தரைக்குப் போங்கள். கைக்கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டி, மீதிக் கயிற்றைச் சுருட்டி அதே கையில் பிடியுங்கள். வலையின் மேல்பாதியும் அந்தக் கையிலேயே இருக்கட்டும். தொங்கும் பாதியில் ஈயக்குண்டு கட்டிய ஓரத்தைக் கொஞ்சம் எடுத்து இடது முழங்கையின் மேல் போடுங்கள். மிச்சத்தில் பாதியை வலது கையில் அள்ளிக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் ஒரு ஈயக்குண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஈயம் வாயில் வைக்கிற பொருள் இல்லை. போதாததற்கு, வாயைத் திறக்க மறந்தவர்களின் பல் கதை எல்லாக் குப்பத்திலும் ஒன்றாவது இருக்கிறது.

விரிவது கையால் இல்லை, இடுப்பால். பின்பக்கமாகத் திரும்பி, அப்படியே சுழன்று முன்னால் வரும்போது முதலில் வலது கை விடட்டும். அந்த ஈயங்கள் வட்டமாகப் போய் இழுக்கும்போது முழங்கையில் கிடப்பது தானாக வழுக்கிப் போகும். இடது கை கடைசியில்தான் விடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டால் நீங்கள் சொன்ன கயிறுதான் விழும். நூறு முறை வீசிப் பாருங்கள். அறுபது, எழுபதுக்குள் ஒரு தடவை தட்டு மாதிரி விரியும். அப்போது கை என்ன செய்தது என்பதைக் கவனித்து வையுங்கள்.

தண்ணீரில் விழுந்ததும் உடனே இழுக்க வேண்டாம். ஈயம் தரையைத் தொட்டால் கயிறு கையில் லேசாகத் தளரும். அதற்குப் பிறகு மெதுவாக, விட்டு விட்டு இழுங்கள். நம் ஊர் வலையின் அடியோரம் உள்பக்கமாக மடித்துப் பை பையாகக் கட்டியிருக்கும். தப்பிக்க ஓரத்துக்கு ஓடுகிற மீன் அந்தப் பைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று தூக்கினால் ஓரம் தரையை விட்டு எழும், மீன் அடியில் போய்விடும்.

கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்குப் பக்கத்தில் வீசாதீர்கள். என் முதல் வலை அங்கேதான் போனது. அதை எடுக்கப் போய் முழங்காலில் சிப்பி கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. மணிக்கட்டுச் சுருக்கு ஒரு உதறலில் கழன்று வருகிற மாதிரி இருக்க வேண்டும். வலை எங்காவது மாட்டி, அந்த நேரம் பார்த்துப் பெரிய அலை வந்தால் வலையை விட்டுவிடுங்கள்.

எந்த நேரத்தில் போனால் மீன் கிடைக்கும்? அமாவாசை, பௌர்ணமி கணக்கு உண்மையா? (சென்னை, முட்டுக்காடு: இருவர்)

உண்மைதான். அந்த இரண்டு நாட்களையும் ஒட்டிக் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். நம் கரையில் மொத்த வித்தியாசமே ஒரு மீட்டரைச் சுற்றித்தான் என்பதால், திறந்த மணல் கரையில் நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. முகத்துவாரத்தில் நின்று பாருங்கள், தெரியும். வற்றம் ஆரம்பித்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் ஓடி வரும், அதோடு மடவைக் குஞ்சும் சின்ன இறாலும் வரும். அதைத் தின்னக் கொடுவா முகத்துவாரத்தின் வாயில் வந்து நிற்கும். இரையும் அங்கேதான், வேட்டையும் அங்கேதான். ஆனால் ஆளை இழுத்துக்கொண்டு போகிற ஓட்டமும் அங்கேதான் இருக்கிறது. முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். கோடையில் வாயை மணல் அடைத்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அப்போது திறந்த கரைதான்.

நேரத்தைவிட முக்கியம், போனதும் வீசாமல் கால் மணி நேரம் நின்று பார்ப்பது. ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி இறங்கினால் கீழே நெத்திலியோ கவலையோ இருக்கிறது. காற்றில்லாத காலையில் ஒரு திட்டில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்தால் அது பொடிமீன் கூட்டம். திடீரென்று ஒரு கைப்பிடி வெள்ளி மேலே தெறித்தால், கீழேயிருந்து எதுவோ விரட்டுகிறது. கூட்டத்தின் நடுவில் வீசாதீர்கள். அது போகிற திசையில் இரண்டு அடி முன்னால் வீசுங்கள்.

உயிர் இரைக்காகப் பிடித்த கவலை மீன் பக்கெட்டில் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. என்ன செய்வது?

மீனை மாற்றுங்கள். கவலைக்குச் செதில் லேசாக ஒட்டியிருக்கும், வலையிலிருந்து கையால் பிரித்தாலே உதிர்ந்துவிடும். செதில் போன கவலை நிற்காது. கரையிலிருந்து உயிர் இரை வைக்கிறவருக்கு மடவைக் குஞ்சும் கீச்சானும்தான் சரி. இரண்டும் முரட்டு மீன்கள்.

பக்கெட் வட்டமாக இருக்கட்டும், சதுரப் பெட்டியில் மூலையில் போய் முட்டி நிற்கும். 20 லிட்டருக்கு விரல் நீள மீன் பத்துக்கு மேல் போடாதீர்கள். நிழலில் வைத்துத் தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். கையை நனைக்காமல் மீனைத் தொடக் கூடாது. ஓட்டம் இருக்கும் இடத்தில் தூண்டில் முள்ளை மீனின் உதட்டில் குத்துங்கள், நின்ற தண்ணீரில் முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், மேலாகக் குத்துங்கள். ஆழமாகக் குத்தினால் முதுகெலும்பில் பட்டு அங்கேயே முடிந்துவிடும்.

செத்த கவலையை எறிய வேண்டாம். இரண்டாகக் கீறிக் கல்லுப்பில் புரட்டி ஒரு ராத்திரி வைத்தால் சதை இறுகும். முள்ளிலிருந்து எளிதில் கழன்று விழாது, நண்டும் சீக்கிரம் பிய்க்காது.

கிழங்கான் பிடிக்க மீன் இரையே வேண்டாம். அலை வடியும்போது ஈர மணலில் சின்னச் சின்ன ‘வி’ வடிவக் கோடுகள் தெரியும் இடத்தில் தோண்டுங்கள். பின்பக்கமாகப் புதைந்துகொள்ளும் விரல்நுனி அளவுப் பூச்சி நண்டு வரும். அது போதும்.

கொசுவலையை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் பொடிமீன் குவிகிறது. வீச்சு வலைக்கு எதற்குச் செலவு?

நீங்கள் குவிப்பது பொடிமீன் இல்லை, பெரிய மீனின் குஞ்சு. முகத்துவாரத்து ஆழமில்லாத தண்ணீர் மடவைக்கும் கொடுவாவுக்கும் இறாலுக்கும் தொட்டில். கொசுவலையில் வருவது வாய்க்கும் ஆகாது, முள்ளுக்கும் ஆகாது. பாதி மணலோடு கரையில் காய்ந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். கேரளத்தில் மத்தி 10 சென்டிமீட்டரும் அயிலை 14 சென்டிமீட்டரும் இல்லாமல் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அரை அங்குலக் கண்ணி வைத்த வலை வாங்குங்கள். இதற்கு மேல் சொன்னால் கோபமாகத்தான் சொல்வேன்.

பழவேற்காடு ஏரியில் வலை வீச இறங்கினோம். ஊர்க்காரர்கள் வந்து நிறுத்திவிட்டார்கள். ஏரி பொதுச் சொத்துதானே?

அங்கே ‘பாடு’ முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊருக்குள் சீட்டுப் போட்டு முறை வைத்துத் தொழில் செய்கிறார்கள். நீங்கள் பொழுதுபோக்காக வீசிய இடம் அன்றைக்கு இன்னொருவரின் கூலியாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தில் பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. முதல் நாள் போய் டீக்கடையில் உட்கார்ந்து, எங்கே வீசலாம் என்று கேளுங்கள். அனேகமாக நீங்கள் நினைத்ததைவிட நல்ல இடமாகவே காட்டுவார்கள்.

தடைக்காலத்தில் கரையிலிருந்து மீன் பிடிக்கலாமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று வீசும் வலைக்கு இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே எந்த மாதமும் கூடாது. கடல் குதிரையோ கடல் அட்டையோ வலையில் வந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நாங்களே பிடித்த கவலை மீன்தான். குழம்பு சாப்பிட்ட அரை மணியில் வீட்டில் மூன்று பேருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு. மீன் அலர்ஜியா? (புதுச்சேரி)

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் அலர்ஜி வருவது அபூர்வம். மீன் வெயிலில் கிடந்ததா? கவலை, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களின் சதை சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். நாற்றம் வருவதற்கு முன்பே உண்டாகிவிடும் என்பதுதான் சிக்கல். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. பெரும்பாலும் ஒரு நாளில் தானாக அடங்கிவிடும். மூச்சு இறுகினால் ஆஸ்பத்திரிக்குப் போக யோசிக்க வேண்டாம்.

இனி போகும்போது ஐஸ் பெட்டியோடு போங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அதில் கொஞ்சம் கடல் தண்ணீர். பொடிமீனை வெறும் ஐஸ் கட்டியில் போட்டால் நசுங்கும், ஐஸ் தண்ணீரில் மிதந்தால் எல்லாப் பக்கமும் குளிரும். ‘பத்து நிமிஷத்தில் வீடுதானே’ என்று பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போவதுதான் எல்லாரும் செய்வது. அடுத்த வலை, அதற்கடுத்த வலை என்று இரண்டு மணி நேரம் போய்விடும்.

வயிறு ஊதி, முள்ளு முள்ளாக ஒரு மீன் வந்தது. பேத்தை என்றார்கள். தோலை உரித்துச் சாப்பிடலாமாமே?

வேண்டாம். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. பூனைக்கும் போடாதீர்கள்.

கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிவிட்டது. என்ன முதலுதவி?

கை பொறுக்கும் அளவுக்குச் சூடான வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வையுங்கள். சூடு பட்டால் அந்த நஞ்சின் கடுப்பு குறையும். குத்தாத கையால் முதலில் சூடு பாருங்கள், வலியில் குத்திய கைக்குச் சூடு தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும், டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள். ஓரா மீனின் முள்ளுக்கும் இதே வைத்தியம்தான்.

ராத்திரி சமையலறை விளக்கை அணைத்த பிறகு, கழுவாமல் வைத்திருந்த காரப்பொடி மீன் பச்சை நீலமாக மினுங்கியது. கெட்டுப்போய்விட்டதா? (கோவளம்)

எங்கே மினுங்கியது என்று பார்த்தீர்களா? காரப்பொடியின் தொண்டையைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியா குடியிருக்கும் உறுப்பு ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்போது அந்த வெளிச்சத்தை வயிற்றுப் பக்கமாக விடும். பிடித்த ராத்திரியும் அது கொஞ்ச நேரம் எரியும். தொண்டை, வயிறு பக்கம் மட்டும் என்றால் பயமில்லை. தோல் முழுக்க, பாத்திரத்துத் தண்ணீரிலும் மினுங்கினால், பாக்டீரியா வெளியே பெருகியிருக்கிறது, மீனுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். விளக்கைப் போட்டுச் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக, கடல் வாசனையோடு இருந்தால் குழம்பு வையுங்கள். பழுப்பாக இருந்தால் தூண்டிலுக்கு எடுத்து வையுங்கள். நண்டு ஒன்றும் சொல்லாது.