சுகர் ஃப்ரீ சாக்லேட் சாப்பிட்டால் பேதி ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 54. இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மகள் வாங்கிவந்த 'சுகர் ஃப்ரீ' சாக்லேட்டும் பிஸ்கட்டும் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து வயிறு உப்பிக்கொண்டு கடமுடவென்கிறது. சில நாள் பேதியும் ஆகிறது. மாத்திரைதான் காரணமா? நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மெட்ஃபார்மினாலும் பேதி ஆகும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது மாத்திரையைத் தொடங்கும்போதோ அளவைக் கூட்டும்போதோ வரும். இரண்டு வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரையைவிட, புதிதாக வந்த சாக்லேட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

உறையின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். மால்டிட்டால் அல்லது 965 என்ற எண் இருக்கிறதா? சார்பிட்டால் என்றால் 420, ஐசோமால்ட் 953, சைலிட்டால் 967. சீனிக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் இவற்றைச் சர்க்கரை ஆல்கஹால் என்போம்; போதை தரும் ஆல்கஹாலுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. சிறுகுடல் இவற்றை முழுதாக உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்கே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது, அதனால் பேதி. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு வாயுக்களை உண்டாக்குகின்றன; உப்புசமும் கடமுடாவும் அதனால்தான்.

எல்லாம் அளவைப் பொறுத்தது. சார்பிட்டால் 10 கிராம் போனாலே பலருக்கு வயிறு உப்பும். 20 கிராமில் வயிற்றுவலியும் பேதியும் வரலாம். 2008இல் பெர்லின் மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு இளம்பெண்ணைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் பேதி, 11 கிலோ எடை குறைவு. எத்தனையோ பரிசோதனைகளிலும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், அவர் தினமும் மென்ற சர்க்கரையில்லாச் சூயிங்கம்மிலிருந்து 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் உள்ளே போயிருக்கிறது. அதை விட்டதும் பேதி நின்றது, எடையும் கூடியது. 'வேறென்ன கொறிக்கிறீர்கள்?' என்று நோயாளியிடம் விடாமல் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இருமல் சிரப்பில்கூட சார்பிட்டால் இருக்கும்.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற வேறு வகை இனிப்பூட்டிகள் மில்லிகிராம் கணக்கில்தான் சேர்க்கப்படுகின்றன. இப்படித் தண்ணீரை இழுப்பதில்லை. எரித்ரிட்டாலும் சர்க்கரை ஆல்கஹால்தான்; ஆனால் அதன் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் தொல்லை குறைவு.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மால்டிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், சீனியைவிடக் கொஞ்சம் மெதுவாக. கிராமுக்குச் சுமார் 2 கலோரியும் உண்டு; சீனியில் 4. பிஸ்கட் என்றால் மைதாவும் சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு 'சுகர் ஃப்ரீ' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போடுவது எனக்குக் கோபத்தையே தருகிறது. நம்பிச் சாப்பிடுபவர்கள் நோயாளிகள். (வீட்டில் நாய் இருந்தால், சைலிட்டால் சேர்ந்த எதையும் அதற்கு எட்டாமல் வையுங்கள், அதன் உயிருக்கே ஆபத்து.)

ஒரு வாரம் சாக்லேட், பிஸ்கட் இரண்டையும் அறவே விட்டுப் பாருங்கள். வயிறு அடங்கிவிட்டால் காரணம் தெரிந்துவிடும். பிறகு ஆசைப்பட்டால், சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். பேதியான நாளில் உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர் நிறையக் குடியுங்கள். விட்ட பிறகும் பேதி தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, எடைக் குறைவு இவற்றில் ஏதாவது இருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது சாக்லேட் உறையையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.